இடது வளைவு

வேங்கிக்காலில் பட்டறை வைத்திருக்கும் மூர்த்தியின் கைபட்ட வண்டியில் ஊரில் பாதிப்பேராவது போயிருப்பார்கள். அவர் மனைவி உண்ணாமலை மட்டும் ஏறமாட்டாள். ஒன்பது வருஷமாக அவளுக்கு எங்கே போனாலும் பஸ்தான்.

காரணம் சின்னதில்லை. அவளுடைய அம்மா இறந்த அன்று, மூர்த்தி சரிபார்த்த வேனில்தான் இருவரும் கிளம்பினார்கள். வேன் பாதி வழியில் படுத்துவிட்டது. போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அம்மாவின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அதற்குச் சண்டை போட்டிருந்தால் மூர்த்தி சமாளித்திருப்பார்; வாய்ச் சண்டையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவரைத் தின்றது.

இப்போது கீழ்பென்னாத்தூரில் மகள் கவிநிலாவின் பிள்ளைக்குக் காதுகுத்து. சீர்த் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற முடியாது. "வாடகைக் கார் பேசிடலாம்" என்றாள்.

"நம்மகிட்டயே அம்பாசிடர் நிக்குதே, ரெடி பண்றேன்."

"மொதல்ல அது ஓடட்டும், பாக்கலாம்."

ஒன்பது வருஷத்தில் அவள் இவ்வளவு இறங்கி வந்ததில்லை. மூர்த்தி அன்றே வேலையில் குதித்தார்.

வண்டி தொண்ணூற்று நாலாம் வருஷத்தது. பின் சக்கரங்களை இணைக்கும் ஆக்ஸில் உடைந்து, கட்டையின்மேல் நின்றது. பழைய வண்டி உடைக்கும் கடையில் கிடைத்ததோ இரண்டாயிரத்து மூன்றாம் வருஷ வண்டியின் ஆக்ஸில். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். தூக்கி வைத்த பிறகுதான் குட்டு உடைந்தது: வண்டியின் ஸ்பிரிங் பட்டை ஓரிடத்தில், அது உட்கார வேண்டிய தகடு வேறிடத்தில். மூர்த்தி தகடுகளை வெட்டியெடுத்து, இடம் மாற்றி வெல்டிங் வைத்தார். பிரேக் குழாயும் பொருந்தவில்லை, அதையும் மாற்றினார். அளவெடுத்தது கண்ணால். அவர் கண்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

முடித்ததும், வழக்கம்போல மலையைச் சுற்றி ஓட்டிப் பார்த்தார். எந்த வண்டிக்கும் அவர் வைக்கும் பரீட்சை அதுதான். கிரிவலம் போகிறவர்களைப் போல மலையை வலப்பக்கம் வைத்துத்தான் சுற்றுவார். எதிர்ப்பக்கமாகச் சுற்ற அவருக்கு மனசு வராது. வளைவுகளெல்லாம் வலப்பக்கமே வந்தன. சின்ன முனகல்கூட இல்லை. இன்னொரு சுற்றும் போனார். வாய்விட்டுப் பாடினார் என்றும் சொல்கிறார்கள்.

காதுகுத்து அன்று காலையில் உண்ணாமலை வந்தாள். முன் சீட்டில் சீர்த் தட்டுகள். அவள் வலது ஓரத்தில், மூர்த்திக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள், அவர் கழுத்தில் வேர்க்கிறதா என்று பார்த்துக்கொண்டே வர.

ஊரைத் தாண்டி வேகம் பிடித்ததும் முதல் இடது வளைவு வந்தது. வண்டி வலப்பக்கம் சாய்ந்தது. பின்னால் கிறீச்சென்று சத்தம். நேரானதும் அடங்கியது. அடுத்த இடது வளைவில் மறுபடியும். மூர்த்தியின் கழுத்தில் வேர்வை ஓடியது.

நிறுத்தி இறங்கிப் பார்த்தார். ஆக்ஸில் அரை விரல்கடை வலப்பக்கம் தள்ளி உட்கார்ந்திருந்தது. வண்டி வலப்பக்கம் சாயும்போது டயர் மட்கார்டு தகரத்தில் தேய்கிறது. மலை சுற்றியபோது வண்டி சாய்ந்ததெல்லாம் இடப்பக்கம். எத்தனை சுற்றுப் போயிருந்தாலும் தெரிந்திருக்காது.

பின்னால் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. மூர்த்தி அவள் பக்கம் வந்து பின் கதவைத் திறந்துவிட்டார்.

"பஸ் வருதும்மே. கை காட்டட்டுமா? நீயாவது நேரத்துக்குப் போய்ச் சேரு."

"இன்னா ஆச்சு?"

"இந்தப் பக்கம் வெயிட்டு விழுந்தா டயர் உரசுது. நான்தான் கோணலா வச்சிட்டேன்."

உண்ணாமலை பஸ்ஸைப் பார்த்தாள். அது ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போனது.  பிறகு அவள் புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சீட்டின் இடது ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். முன்னாலிருந்த பெரிய தட்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"வளைவுல மெதுவா திருப்பு. எடு வண்டிய, கொழந்த காத்துக்கினு கெடக்கும்."