சந்தனம் வைத்த கேமரா

எங்கள் கல்லூரிக்கு வந்த எட்டு மில்லிமீட்டர் கேமரா, நாய் பெற்ற தெங்கம்பழம். இயற்பியல் துறைத் தலைவர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார். மாணவர் திரைப்படக் குழு என்று பேருக்கு ஒன்று இருந்தது. நாங்கள் நாலு பேர். இரண்டு வருஷமாகக் கேமராவைக் கரும்பலகையில் வரைந்து காட்டினாரே தவிர, ஒருவரையும் தொட விடவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. நான் எடுக்க நினைத்த படம் ஒன்றே ஒன்று. கீழப்பழுவூரில் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடந்தால் வரும் எங்கள் தெருவுக்குச் சுடுகாட்டுப் பாதை கிடையாது. இருந்ததை வயலோடு சேர்த்து உழுதுவிட்டார்கள். மழைக்காலத்தில் யாராவது செத்தால் பாடையை ஓடைக்குள் இறக்கி, நெஞ்சளவு தண்ணீரில் தூக்கிப் போக வேண்டும். மனுக் கொடுக்கப் போனால், "அங்க ஏதுய்யா அவ்வளவு தண்ணி?" என்று ஆபீஸில் சிரிப்பார்கள். படம் போட்டுக் காட்டினால் வாயடைத்துப் போவார்கள் என்று நம்பினேன். இருபது வயசு மூளை!

படம் பிடிக்கும் தேதியை முன்கூட்டியே எழுதித் தர வேண்டுமாம். சாவுக்குத் தேதி போட நான் யார்? 'மழைக்காலக் காட்சிகள்' என்று எழுதி ஒரு வாரம் கேட்டேன். "கீறல் விழுந்துச்சு, டிசி வாங்க முடியாது தம்பி" என்று ஆசி கூறிக் கொடுத்தார் தலைவர்.

ஆறாம் நாள் பெரியப்பா செத்துப்போனார். வீடே அழுதுகொண்டிருக்க, வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அண்ணன்கள் பாடையைத் தலைக்கு மேல் தூக்கியபடி ஓடையில் இறங்கினார்கள். தூறலில் அவசரமாக மூடியைக் கழற்றினேன். கேமராவின் மேல் தனியாக இருந்த சின்னக் கண்ணாடி வழியே பார்த்தபடி சுருள் தீரும்வரை எடுத்தேன்.

தெருமுனையில் நின்ற பெரியம்மா கத்தினார்: "நல்லா புடிடா! எங்க வூட்டு மனுசன் போற வழிய எல்லாரும் பாக்கட்டும்!"

அரியலூரில் பார்சல் போட்டு, மெட்ராஸில் கழுவி வந்த சுருளைத் துறையில் ஓட்டிப் பார்த்தோம். முழுக்கச் சாம்பல் மூட்டம். ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீரும் யாரோ ஒருவரின் முழங்கையும் அசைந்தன. கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். லென்ஸின் நட்ட நடுவில் காய்ந்த சந்தனம், அதன் மேல் குங்குமம். ஆயுத பூஜை அன்று பீரோவுக்கும் தராசுக்கும் வைத்த கையோடு, கேமராவுக்கு நெற்றி எது என்று தெரியாமல் கண்ணிலேயே வைத்து மூடியிருக்கிறார் அந்த மேதை. எடுக்கும்முன் லென்ஸைத் திருப்பிப் பார்க்காத நானும் முட்டாள்தான். ஆனால் எனக்கு அதற்காகச் சம்பளம் கொடுக்கவில்லை.

"சாமி காரியம்தானே தம்பி, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்குற?" என்றார்.

அந்த வருஷ ஆண்டறிக்கையில், மாணவர் திரைப்பட முயற்சிக்குக் கல்லூரி முழு ஒத்துழைப்பு நல்கியது என்று அச்சடித்தார்கள். விழாவில் கைதட்டினார்கள்.

பெரியம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "அவரு மூஞ்சி தெரியுதாடா?"

"தெரியுது பெரியம்மா" என்றேன்.

பாதை வரவில்லை. அடுத்த ஐப்பசியில் பெரியம்மாவையும் அந்த ஓடை வழியாகத்தான் கொண்டுபோனோம். பாடையின் முன்பக்கம் நான் பிடித்திருந்தேன். தண்ணீர் என் கழுத்துவரை இருந்தது.