வேர்வை

முதல் தடவை என் கணவருக்கு நெஞ்சு நோகவில்லை. வேர்த்தது, அவ்வளவுதான். காலமை ஃபேனுக்குக் கீழே இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவரின் சேர்ட் குளித்துவிட்டு வந்தவருடையது போல ஒட்டிக்கிடந்தது. "என்னப்பா, இப்பிடி வேர்க்குது?" என்று கேட்டேன். "வெக்கை" என்றார். அரை மணித்தியாலத்தில் அவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இவருக்குச் சீனி வருத்தம் இருக்கு. நெஞ்சு நோவு தெரியாமலே போகலாம். நீங்கள் வேர்வையைப் பாருங்கோ" என்றார். அன்றிலிருந்து நான் பார்த்தது அதைத்தான்.

அவருக்குப் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் வேலை. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போகலாம் என்றார்கள், ஆனால் கார் ஓடக்கூடாது. பஸ்ஸில் நெரிபட விட எனக்கு மனமில்லை. லைசன்ஸ் எடுத்துப் பத்து வருடமாக அலுமாரிக்குள் வைத்திருந்த நான், வெள்ளவத்தையிலிருந்து தினமும் அவரைக் கொண்டுபோய் விட்டேன்.

கார் எங்கள் மகளை விட மூத்தது. எனக்கு அதை ஓட்டுவதே பயம். அதைவிடப் பெரிய பயம் அதன் ஏசி. வீட்டு வாசலில் நன்றாகக் குளிரும். பம்பலப்பிட்டி தாண்டக் காற்று மெலியத் தொடங்கும். கொள்ளுப்பிட்டியில் ஃபேன் மட்டும் இரைந்துகொண்டிருக்கும், கையை வைத்துப் பார்த்தால் குழந்தை ஊதுகிற அளவு காற்றுக்கூட வராது. அப்போது அவருடைய நெற்றியில் மணி மணியாக வேர்வை துளிர்க்கும்.

இது வெக்கையா, அதுவா?

எனக்கு எப்படித் தெரியும்? எனக்கும்தான் வேர்த்தது. கண்ணாடியை இறக்கினால் பஸ்களின் புகை வந்து அவருக்கு இருமலைக் கிளப்பியது. முன்னால் பஸ், பக்கத்தில் மூன்று த்ரீவீல், பின்னால் ஹோர்ன். ஒரு கண் வீதியில், மற்றக் கண் அவருடைய மேலுதட்டில். "என்னைப் பாக்காமல் ரோட்டைப் பார்" என்று சினப்பார். என் கைகள் ஸ்டியரிங்கில் வழுக்கும்.

ஒரு நாள் காலிமுகத்திடலுக்குக் கிட்ட வாகனங்கள் அசையாமல் நின்றன. அவருடைய கொலர் முழுதும் நனைந்திருந்தது. கிடைத்த இடைவெளியில் நான் காரைத் திருப்பி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஈசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்றார்கள்.

"கந்தோரில எல்லாரும் சிரிக்கப் போயினம்" என்றார், வெளியில் வந்து.

"அப்ப ஏசியைத் திருத்துவம்."

"பழைய கார் அப்பிடித்தான். எப்பிடியும் விக்கப் போறம், ஏன் திருத்துவான்?"

இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் அதே பதில். மூன்றாம் தடவை கேட்கவில்லை. அவரைக் கந்தோரில் இறக்கிவிட்டு, நேரே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அங்கே ஒரு ஒழுங்கைக்குள் வாகன ஏசி மட்டும் பார்க்கிற கராஜ் இருக்கிறது. அதை நடத்துகிறவர் பதுளைப் பக்கத்திலிருந்து வந்தவர்.

"மொதல்ல நல்லா வருதுங்களா மிஸ், பொறகு கொறையுதா?"

"ஓம். அரை மணித்தியாலத்தில நிண்டுபோகும்."

"ஏசிய நிப்பாட்டிட்டு வெறும் ஃபேன மட்டும் போட்டுப் பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பி வரும், கீழே தண்ணீர் கொட்டும். அதைச் சொன்னதும் அவர் தலையாட்டினார். எஞ்சினை ஓடவிட்டு, ஒரு டிஷ்யூத் துண்டை ஏசிக் காற்று வரும் வாசலுக்கு முன்னால் பிடித்தார். முதலில் அது படபடத்தது. நேரம் போகப் போகச் சோர்ந்து தொங்கியது. பிறகு, என் கணவர் இருக்கிற சீட்டுக்கு முன்னால் இருந்த சின்னப் பெட்டியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஃபில்டரை இழுத்தார். சாம்பல் நிறப் போர்வை மாதிரி இருந்தது. அதற்கும் உள்ளே லைட் அடித்துக் காட்டினார். காற்றைக் குளிர வைக்கிற கொயில் முழுதும் வெள்ளையாக ஐஸ்.

"குளிரு கூடினா நிப்பாட்டச் சொல்ற சென்சர் ஒண்ணு இருக்கு, அது செத்துப்போச்சு. ஐஸ் கட்டி வழிய அடைக்குது. ஃபேன் பாவம், அது தன் வேலைய செஞ்சுகிட்டுத்தான் இருக்கு."

பின்னேரத்துக்குள் சென்சரும் ஃபில்டரும் புதிதாகப் போட்டுத் தந்தார். திரும்பி வரும் வழி முழுக்கக் காற்று முகத்தில் அடித்தது. கன நாளைக்குப் பிறகு அன்றிரவு நித்திரை வந்தது.

அடுத்த நாள் கொள்ளுப்பிட்டியில் அவர் கையை நீட்டி, காற்று வருகிறதா என்று பார்த்தார். "திருத்தினனியே?" என்று மட்டும் கேட்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். முகம் அப்படி இல்லை.

மூன்றாம் நாள். பம்பலப்பிட்டியில் என் விரல்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன, சேலைத் தலைப்பால் தோளை மூடிக்கொண்டேன். அவர் லேஞ்சியை எடுத்து நெற்றியைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். பிறகு, வழக்கம் போல, "கண்ணாடியை இறக்கன், காத்தில்லை" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் கையை நீட்டி அவருக்கு முன்னாலிருந்த காற்று வாசலில் வைத்தேன். ஐஸ் தண்ணீரில் கை வைத்தது போல இருந்தது.

"எத்தினை நாளா?"

அவர் லேஞ்சியை மடித்தார்.

"எத்தினை நாளா எண்டு கேக்கிறன்."

"ரெண்டு கிழமை இருக்கும்" என்றார். குரல் எங்கேயோ இருந்து வந்தது. "படியேறேக்க வேர்க்கும். பிறகு சும்மா இருக்கேக்கையும். காருக்குள்ள வேர்த்தது ஏசியாலதான் எண்டு நினைச்சனப்பா."

அதற்குப் பிறகு நான் எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. ஹோர்னில் கையை வைத்தபடியே போனதும், ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி மறிக்க வந்து, என் கணவரின் முகத்தைக் கண்டதும் "யன்ன, யன்ன", போ போ என்று சிங்களத்தில் சொல்லி வழிவிட்டதும் மட்டும் ஞாபகம் இருக்கிறது. பிரேக்கை நேரத்துக்கு மிதிக்காமல் ஆஸ்பத்திரி வாசலில் காரை மதிலோடு உரசித்தான் நிறுத்தினேன்.

இந்தத் தடவை நெஞ்சில் இன்னொரு இரத்தக் குழாய் முக்கால்வாசி அடைபட்டிருந்தது. அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தார்கள். ஆறு மணித்தியாலம் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தேன். எனக்கு அவர் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை, அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் அங்கே இருந்தேன். விட்டிருந்தால் பயம் என்னை விழுங்கியிருக்கும்.

அவர் கண் விழித்ததும் கேட்டேன், ஏன் மறைத்தீர்கள் என்று.

"அந்தக் கார் பழுதாக் கிடந்த வரைக்கும் எனக்கு ஒண்டுமில்லை எண்டு இருந்துது" என்றார். "நீ திருத்தினாப் பிறகு சாட்டுச் சொல்ல ஒண்டும் இல்லை."

திட்ட நினைத்திருந்த நான், போர்வையை அவருடைய நெஞ்சு வரைக்கும் இழுத்துவிட்டேன்.

இப்போது அவர் வீட்டிலிருந்துதான் எழுத்து வேலை செய்கிறார். மாதத்தில் ஒரு தடவை கிளினிக்குக்குக் கூட்டிப்போகிறேன். எதையும் ஒளிப்பதில்லை என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். அதனால் எல்லாவற்றையும் சொல்கிறார்: கால்விரல் விறைக்குது, இடது தோள் பிடிக்குது, ராத்திரி சாப்பிட்ட பிறகு ஒரு ஏவறை வந்தது. அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றுக்கும் நான் கிட்டப் போய், அவருடைய மேலுதட்டில் வேர்வை இருக்கிறதா என்று பார்க்கிறேன். "சொல்லாமல் விடவே?" என்று கேட்கிறார்.

"இல்லை, சொல்லுங்கோ" என்கிறேன்.