நஞ்சைக்காரர்

நிலத்தை எடுத்த அரசாங்கத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. அதைவிடப் பெரிய கோபம் என் அப்பா மேல். அவர் உயிரோடு இருக்கும்போதே எழுதுகிறேன். படித்தால் படிக்கட்டும்.

நாஞ்சில் நாட்டில் பங்காகக் கிடைத்த வயலை விற்றுவிட்டு, கேரளத்தில் கிழக்கேகோட்டை ஜவுளிக்கடையில் கணக்கெழுத வந்தவர் அவர். வயல் இல்லாமல் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விழிஞ்ஞம் பக்கம் தாழ்வான வயல் ஒன்றை வாங்கினார். நெல் கட்டுப்படியாகவில்லை, எல்லோரையும் போல வாழையும் மரச்சீனிக் கிழங்கும் போட்டார். பாடுபட்டதெல்லாம் அக்காதான். புருஷன் கைவிட்டுத் திரும்பி வந்தவள். "இது உனக்குத்தான் மக்கா" என்று சொல்லிச் சொல்லியே அப்பா அவளைக் களை பறிக்க வைத்தார்.

துறைமுகத்துக்கு ரோடு வருகிறது, வயல் போகும் என்ற பேச்சு வந்ததும் அக்கா அழவில்லை. நஷ்டஈட்டில் ஒரு வீடு வாங்கிவிடலாம் என்று நினைத்தாள். வாடகை வீட்டுக்காரர்களின் முகத்தைப் பார்த்தே பாதி ஆயுசு போனவள். கரமனையில் இரண்டு அறையுள்ள பழைய வீடு ஒன்றைப் பார்த்து, அம்மி எங்கே போடுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டாள். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காயும் நேர்ந்துகொண்டாள்.

அப்போதுதான் அப்பா தன் மூளையைக் காட்டினார். எங்கள் நாஞ்சில் நாட்டில் நெல் விளையும் நஞ்சைக்குத்தான் மதிப்பு. பெண் கேட்டு வருகிறவன்கூட நஞ்சை எவ்வளவு என்றுதான் கேட்பான். கேரளத்தில் கதை தலைகீழ். வயலில் வீடு கட்ட விடமாட்டார்கள், அதனால் விலையும் கிடையாது. மண்ணடித்து மேடாக்கிய இடத்துக்குத்தான் விலை. இத்தனை வருஷம் இங்கே சோறு தின்றவருக்கு இது தெரியவில்லை. விலை போட அதிகாரிகள் வருவதற்குள், குலை தள்ளிய வாழைகளை வெட்டிச் சாய்த்தார். தண்ணீர் கட்டி உழவைத்து நாற்று நடவைத்தார். கூலிக்கு அக்காவின் கம்மல் அடகுக்குப் போனது.

"எப்பா, அடுத்த வயல்காரரு என்னைக்கோ மண்ணடிச்சு வச்சிருக்காரு. ஆருகிட்டயாவது கேளுங்கோ" என்றேன்.

"வயலக் கொன்னவன் அவன். நஞ்சைக்க வெல ஒனக்கு என்னட்டீ தெரியும்?"

அதிகாரி வந்தார். நல்ல மனுஷன்தான். வரப்போரம் கிடந்த வாழைக்கட்டைகளைப் பார்த்துவிட்டு, "சாரே, இது வாழ நின்ன ஸ்தலமல்லே?" என்றார். மண்ணடித்த நிலம் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று தயவாகக் கேட்டார். அப்பாவுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"ஒரு கூடை மண்ணுகூடத் தட்டல்ல. அசல் நஞ்சையாக்கும். எழுதிக்கோ!"

நாற்றுக்கு நடுவே நெஞ்சை நிமிர்த்தி நின்று போட்டோவுக்கும் முகம் காட்டினார். அக்கா முழங்கால் சேற்றோடு வரப்பில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளும் நம்பிவிட்டாள்.

நஷ்டஈட்டு உத்தரவு வந்தபோது எங்களுக்கு வயலின் விலை. அடுத்த வயல்காரருக்குக் கிடைத்ததில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்று வக்கீலைப் பார்த்தோம். அவர் அந்தப் போட்டோவை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். "எதிர்த்தரப்புக்கு வேற சாட்சியே வேண்டாம். உங்க அப்பா போதும்" என்று சொல்லிச் சிரித்தார். கூட இருந்த குமாஸ்தாவும் சிரித்தான். அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள்.

கரமனை வீட்டுக்காரர் கொஞ்ச நாள் பொறுத்துவிட்டு வேறு ஆளுக்கு விற்றார். வந்த பணம் கடனுக்கும் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் சரியாகப் போனது. கம்மல் அடகிலேயே மூழ்கியது. அக்கா இப்போதும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள். அப்பாவும் அவளோடுதான். வேறு யார் பார்ப்பார்கள்?

போன வாரம் போயிருந்தேன். அக்கா தட்டைத் தரையில் வைத்துவிட்டு உள் அறையைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

"நஞ்சைக்காரரே, சோறு வச்சாச்சு. ரேசன் அரிசியாக்கும். எறங்குமா?"

இப்போதெல்லாம் இதுதான் அவருக்குப் பெயராம். அப்பா என்று அவள் கூப்பிட்டு மாதங்கள் ஆயிற்று. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஒரு வாய் அள்ளியவர், நான் ஏதாவது சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்தார்.

ஊறுகாயை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.