அத்தானின் வலது கால்

முதலில் செருப்பு கழலும். குதிகாலை லேசாகத் தூக்கி, செருப்பைத் தரையிலேயே விட்டுவிட்டு, பாதம் மட்டும் ஒரு விரற்கடை முன்னால் நகரும். கட்டைவிரல் மற்ற விரல்களிடம் கோபித்துக்கொண்டதுபோல் விலகி நிற்கும். பிறகு முழுப் பாதமும் தரையில் மெல்ல அழுந்தும். ஆபத்து விலகியதும் அதே நிதானத்தோடு மேலே வரும். முகத்தில் எதுவும் தெரியாது. லிஃப்ட் இறங்கும்போது அத்தான் இதைச் செய்வார். முடிவெட்டுபவர் காதோரம் கத்தரியைக் கொண்டுவரும்போது செய்வார். டிவியில் செய்தி வாசிப்பவர் மூச்சு விடாமல் வாசித்தால் அவருக்காகவும் ஒரு மிதி மிதிப்பார். அக்கா கோபமாகப் பேச ஆரம்பித்தால் இரண்டு காலாலும் மிதிப்பார். அந்த வண்டி மட்டும் இதுவரை நின்றதில்லை.

அத்தானுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை. அந்த வண்டியில் ஸ்டியரிங் ஒன்று, பிரேக் பெடல் இரண்டு. ஓட்டுபவர் காலடியில் ஒன்று, பக்கத்து சீட்டில் இருக்கும் அத்தான் காலடியில் ஒன்று. இரண்டையும் ஓர் இரும்புக் கம்பி இணைக்கும். இவர் இங்கே மிதித்தால் அங்கேயும் மிதிபடும். வண்டியை எங்கே திருப்புவது என்பதில் எந்தச் செல்வாக்கும் இல்லாமல், எங்கே நிறுத்துவது என்பதில் மட்டும் முழு அதிகாரத்தோடு வாழ்பவர். குடும்ப வாழ்க்கைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று அவரே சொல்வார், அக்கா குளித்துக்கொண்டிருக்கும்போது.

நான் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். ஹாலில் ஒரு மூலை என்னுடையது: ஒரு மேஜை, ஒரு கணினி, தலைப்பில்லாத கவிதைகள் அடங்கிய சில மெல்லிய புத்தகங்கள். ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு எழுத்திலேயே பதில் அனுப்புவது என் வேலை. வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பதால்தான் அதில் சேர்ந்தேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று காலையிலிருந்து மாலைவரை முன்பின் தெரியாதவர்களுக்காக வருந்துவேன். சாயங்காலம், ஹால் டிவியில் மாட்டிய என் வீடியோ கேம் பெட்டியைப் போட்டுக்கொண்டு உட்காருவேன்.

அந்த மழைக்காலத்தில் அத்தானிடம் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். ஒரு வளைவில் பழவண்டி எதிரே வந்தது. வாத்தியார் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அத்தானின் கால் போகத்தான் செய்தது, ஆனால் ஒரு இமைப்பொழுது தாமதமாகப் போனது. பழவண்டிக்காரர் தாவி ஒதுங்கிவிட்டார், பழங்கள் ஒதுங்கவில்லை. வாத்தியாருக்கு மணிக்கட்டு உடைந்தது. அத்தானை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாத்தியாரே கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்து, "தப்பு என்னுதுதான் சார்" என்றார். அதுதான் அத்தானை ஒரேயடியாகச் சாய்த்துவிட்டது.

"என் கால் வரல" என்றார் அக்காவிடம். "கூப்பிட்டேன், வரல."

மறுநாள் அவர் வேலைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பள்ளி முதலாளி பொறுமைசாலி. வண்டி பட்டறையில் இருக்கும்வரை பொறுத்துக்கொள்கிறேன், அது திரும்பி வந்ததும் அந்த சீட்டில் ஒரு ஆள் உட்கார்ந்தாக வேண்டும், அது நீங்களா வேறு ஒருவரா என்று நீங்களே சொல்லிவிடுங்கள் என்று போனில் சொன்னார். அத்தான் "சரிங்க" என்றார். எதற்குச் சரி என்று அவருக்கே தெரியவில்லை. அந்த சீட்டைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது.

அக்கா ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஊசி குத்துபவள். பயந்தவர்களைச் சமாளிப்பதுதான் அவள் தொழில்: "அந்தப் பக்கம் பாருங்க" என்பாள், இந்தப் பக்கம் குத்தி முடித்திருப்பாள். என் மூலைக்கு வந்தாள்.

"டேய், அவரையும் உன் குதிரை விளையாட்டுல சேத்துக்கோ. கொஞ்ச நாள் அந்தப் பக்கம் பாக்கட்டும்."

அக்கா குதிரை விளையாட்டு என்று சொல்வது ஒரு முழு உலகம். காடு, மலை, கோட்டை, சதுப்பு, பேய் உலவும் கிணறு என்று எந்தத் திசையில் நடந்தாலும் போய்க்கொண்டே இருக்கும். தொடங்கும்போதே ஒரு ராஜா தாடி நனைய அழுவார். வடக்கு மலையில் இருட்டு அரசன் விழித்துவிட்டான், ஒரு நொடி தாமதித்தாலும் உலகம் அழிந்துவிடும் என்பார். நான் அவரை வணங்கிவிட்டு வெளியே வந்து ஒரு மாதம் காளான் பறித்தேன். உலகம் எனக்காகக் காத்திருந்தது. இப்படி ஒரு மரியாதை எனக்கு வேறெங்கும் கிடைத்ததில்லை.

அங்கே யார் வீட்டுக்குள்ளும் போகலாம். வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவருடைய பெட்டியைத் திறந்து சட்டி, மெழுகுவர்த்தி, மாற்றுத்துணிவரை வழித்துக்கொண்டு கிளம்பலாம். "மழை வரும்போல இருக்கு" என்பார் அவர். எதிரியின் கோடாரி தலைக்கு மேல் நிற்க, காலத்தை நிறுத்திவிட்டு ஒரு கூடை பச்சை வெங்காயத்தைத் தின்று தெம்பேற்றிக்கொள்ளலாம். அந்த உலகத்தில் எனக்குப் பதிலாக நடமாடும் நாயகி முப்பது வாள்களை முதுகில் சுமந்து ஓடுவாள். அதற்கு மேல் ஒரு பூவைப் பறித்தால் நடக்க முடியாது என்று முனகுவாள். நான் படிக்கும் கவிதைகளிலும் எல்லாரும் எங்காவது தொலைந்துபோகிறார்கள். இதில் தொலைந்தால் தலைக்கு மேல் ஒரு மஞ்சள் அம்பு தோன்றி வழிகாட்டும். சில கவிதைகளுக்கும் அப்படி ஒரு அம்பு வைத்தால் நானும் கடைசி வரிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவேன்.

கிண்டலை விட்டுச் சொன்னால், விடியும் நேரத்தில் ஒரு குன்றின் மேல் குதிரையை நிறுத்திவிட்டு, புல் ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். செய்ய எதுவும் இருக்காது. யாரும் என்னைப் பேசச் சொல்லமாட்டார்கள். இருட்டு அரசனை மறந்துபோக அது ஒன்றே போதும்.

அத்தானிடம் கன்ட்ரோலரை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீ ஓட்டு மாப்ள. நான் பக்கத்துல உக்காந்துக்குறேன்."

முதலிலிருந்து புது ஆட்டம் தொடங்கினேன். புதுக் குதிரைக்குப் பெயர் வைக்கச் சொல்லித் திரை கேட்டது. கம்பீரமாக எதையோ தேடிக்கொண்டிருந்தேன்.

"எல் போர்டுன்னு போடு" என்றார். "புதுசுதானே."

எல் போர்டு கிளம்பியது. பக்கத்தில் செருப்பு கழன்றது.

"ஓரமா போ. ஓரமா. எதுக்க மாட்டு வண்டி வருது பாரு, வழி விடு."

"அது தானா ஒதுங்கிக்கும் அத்தான்."

"எல்லாரும் அப்படித்தான் நெனைக்கிறாங்க."

உலகைக் காக்கப் புறப்பட்ட மாவீரர்களில் மாட்டு வண்டிக்கு வழிவிட்டவர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம். நாற்சந்தியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தோம். பேய்கள் துரத்தும்போதும் ஓரமாகவே ஓடினோம். மழை வரும்போலிருக்கு என்று ஓயாமல் சொல்லும் கிராமத்துக்காரரை அத்தானுக்கு மிகவும் பிடித்துவிட்டது. "பாவம், என்ன மாதிரிதான். நாள் முழுக்க 'கிளட்ச மெதுவா விடு, மெதுவா விடு.' யாரு கேக்குறா?" அவரைக் கடக்கும்போதெல்லாம் "ஆமாங்க, வரும்போலதான் இருக்கு" என்று டிவியிடம் பதில் சொல்வார்.

மலைப்பாதை வந்தால்தான் தொல்லை. பள்ளத்தைக் கண்டாலே கால் தரையில் இறங்கும். தொம். மெல்ல மிதிக்கும் பழக்கமெல்லாம் விபத்தோடு போய்விட்டது. தொம், தொம். ஒருநாள் கீழ்வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார்.

"என்ன நடக்குது இங்க? என் ஃபேன் ஆடுது."

"குதிரை ஓட்டுறோம்" என்றார் அத்தான்.

கீழ்வீட்டுக்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டாவது மாடியிலயா" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்கிப் போனார்.

அக்கா ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் என்னை நகரச் சொல்லிவிட்டு கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டாள். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஊரில் பாதிப் பேரை ஓட்டப் பழக்கிய அத்தான், அக்காவுக்கு மட்டும் கற்றுக்கொடுக்காமல் வருடக்கணக்காக நாள் கடத்திக்கொண்டிருந்தார். அவள் எல் போர்டு லைசென்ஸ் எடுப்பாள், அது காலாவதியாகும், மறுபடி எடுப்பாள். "ஒரே வண்டியில நாம ரெண்டு பேரும் ஒரே நேரத்துல சரியா இருக்க முடியாதும்மா" என்பது அவர் கட்சி.

அக்காவுக்கு முன்னால் ஒரு தொங்குபாலம். கீழே கண்ணுக்கெட்டாத பள்ளம். அவள் யோசிக்கவே இல்லை. குதிரையை நாலுகால் பாய்ச்சலில் விட்டாள். தொம். குதிரையும் நாயகியும் தனித்தனியாகப் பள்ளத்தில் விழுந்தார்கள்.

"செத்துட்டேனா?"

"செத்துட்ட" என்றேன்.

"இப்ப என்ன ஆகும்?"

"திரும்ப பாலத்துகிட்டயே கொண்டுவந்து விட்டுடும்."

"அப்புறம் எதுக்குடா நீங்க ரெண்டு பேரும் இத்தனை நாளா ஓரமாவே போனீங்க?"

மறுபடி பாய்ந்தாள், விழுந்தாள். விழுவதற்கு முன் ஒரு தொம். நாலைந்து முறை ஆனதும் கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு அத்தானைப் பார்த்தாள்.

"நீங்க மிதிக்கிற ஒவ்வொரு தடவையும் என் கை உதறுது. காலை மடக்கி உக்காருங்க."

"நான் மிதிக்கலன்னா நீ விழுந்துடுவ."

"மிதிச்சப்ப விழலையா?"

அத்தான் தணிந்த குரலில், "இது விளையாட்டு. வாத்தியார் கை விளையாட்டுலயா ஒடஞ்சுது?" என்றார்.

அக்கா திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இல்ல. அதான் சொல்றேன். ஒண்ணும் ஒடையாத எடத்துல மொதல்ல மடக்கிப் பாருங்க."

அத்தான் வலது காலைத் தூக்கி சோபாவில் மடக்கி, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். திருடனைப் பிடித்து வைத்திருப்பதுபோல் கணுக்காலை ஒரு கையால் பற்றிக்கொண்டார். எல் போர்டு பாலத்தில் ஏறியது. பலகைகள் ஆடின. நடுவில் ஓர் இடத்தில் குதிரையின் பின்னங்கால் நழுவியது. அத்தானின் தோள் ஒருமுறை குலுங்கியது. கால் அப்படியே இருந்தது. குதிரை சமாளித்துக்கொண்டு அக்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

"பாத்தீங்களா" என்று அக்கா கன்ட்ரோலரை என்னிடம் எறிந்துவிட்டு சமையலறைக்குப் போனாள். அத்தான் மரத்துப்போன காலை மெல்ல நீட்டி, யாரோ மறந்துவிட்டுப் போன பொருளைப்போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் முதலாளி கூப்பிட்டார். வண்டி கிட்டத்தட்ட ரெடி, திங்கட்கிழமை யார் உட்காரப்போவது என்று கேட்டார். அத்தான் "நாளைக்குச் சொல்றேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கோ போய்விட்டு, பள்ளி வண்டியோடு வாசலில் வந்து நின்றார்.

"கிளம்பு" என்றார் அக்காவிடம்.

"எங்க?"

"நீ ஓட்டப்போற. மாப்ள, நீயும் பின்னாடி ஏறு. சாட்சிக்கு ஆள் வேணும்."

பூட்டிக் கிடந்த கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு பெரிய சிமெண்ட் மைதானம். அங்கே போனதும் அக்காவை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, அத்தான் பக்கத்து சீட்டில் ஏறினார். ஏறுவதற்கு முன் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றதை நான் பார்த்தேன். உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலைப் பெடல் மேல் வைத்தார்.

"கிளட்ச மெதுவா விடு."

வண்டி இருமியது, நின்றது. மறுபடி இருமியது, போனது. ஒரு சுற்று. அடுத்த சுற்றில் அக்காவுக்குத் தொங்குபாலம் ஞாபகம் வந்துவிட்டதோ என்னவோ, வேகம் ஏறியது. அத்தானின் கழுத்து வேர்த்தது. கால் பெடல் மேலேயே இருந்தது, அழுத்தவில்லை. அப்போது கிடங்கின் நிழலிலிருந்து ஒரு நாய், வாடகை வசூலிக்க வந்த வீட்டுக்காரரின் நிதானத்தோடு குறுக்கே நடந்தது.

வண்டி குலுங்கி நின்றது. தொம். வீட்டுத் தரையில் கேட்கும் அதே சத்தம். நாய் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வழியில் போனது.

"நீங்க எதுக்கு மிதிச்சீங்க?" அக்கா பொரிந்தாள். "நான்தான் நிப்பாட்டினேனே."

"நீதான் நிப்பாட்டின."

அக்கா அடுத்து வைத்திருந்த வாக்கியம் வீணாகிவிட்டது. "என்ன சொன்னீங்க?"

"நீதான் நிப்பாட்டினன்னேன். வண்டிய எடு."

அவள் நம்பவில்லை. தன்னைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டாள். என் முதல் பிரேக்கை இந்த மனுஷன் திருடிட்டார் என்று இன்றைக்கும் வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அத்தான் மறுப்பதில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போனார். இப்போது வாத்தியார் மறுபடியும் அவரிடம்தான் பழகுகிறார். இருட்டு அரசனை இன்னும் யாரும் போய்ப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து, அத்தான் சட்டைப்பையில் மறந்து கொண்டுவந்துவிட்ட ஒரு சாவியைக் கொடுக்கப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் பேச்சுப் பிரியர். நான் பேசாதவன் என்பதால் இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசினார்.

"அந்த ஞாயித்துக்கெழம நீங்களும் வண்டியில இருந்தீங்களாமே. பெரிய தைரியசாலிதான் தம்பி."

"ஏன்?"

"அன்னைக்குப் பக்கத்து பிரேக்குக்குக் கம்பியே இல்லையே. மோதுனதுல வளைஞ்சு போச்சுன்னு கழட்டி இந்த மேஜை மேலதான் போட்டிருந்தேன். புதுசு திங்கக்கெழம காலையிலதான் மாட்டுனேன். சாவி குடுக்கும்போதே சொன்னேன், பெடல் சும்மா தொங்குது, மிதிச்சா தரையிலதான் போய் முட்டும்னு."

"அத்தான் என்ன சொன்னாரு?"

"'பரவால்ல, கால் வைக்க ஒரு எடம் இருந்தா போதும்'னாரு. வாங்கிட்டுப் போயிட்டாரு."