அண்ணனுக்கு வச்ச புள்ளி

பக்கத்து வீட்டுச் செல்வி போனை நீட்டிக் காட்டினா. கருப்பு மேல சிவப்புப் பொறியாச் சிதறிக் கிடந்தது. விஸ்வநத்தத்தில் முப்பது வருசம் மத்தாப்புப் பெட்டிக்கு லேபிள் ஒட்டினவ நான். “இந்த சீசனுக்குப் புது லேபிளா? அம்சமா இருக்கே தாயி”ன்னுட்டேன்.

“லேபிள் இல்ல ஆச்சி, வரைபடம். ஒவ்வொரு புள்ளியும் போர்ல செத்த ஒரு ஆளு. உங்க அண்ணன் பேரையும் சேர்ப்போமா?”

எனக்குக் கூசிப்போச்சு. அண்ணன் உடம்புகூட ஊர் வந்து சேரலை. பட்டாளத்திலேருந்து அப்ப வந்த தந்தியில் இருந்த பனிமலைப் பேரைச் சொன்னேன். அங்கன ஒரு புள்ளி வச்சா. தொட்டதும் ‘முத்துச்சாமி, ஆமத்தூர்’னு வந்தது.

அவருக்குப் பக்கத்திலேயே எம்புட்டுப் புள்ளி! இத்தனை வருசமா அண்ணன் அந்தப் பனியில் தனியாக் கிடக்கிறார்னே நினைச்சிருந்தேன். ஒவ்வொண்ணாத் தொட்டு, எழுத்துக் கூட்டிப் பேரை வாசிச்சேன்.

“போதும் ஆச்சி, சார்ஜ் இறங்குது.”

“இரு தாயி, அண்ணன்கூட இருந்தவுகளை நான் இன்னும் பார்த்து முடிக்கலை.”