அழிப்பதற்கு முன் பார்த்த முதல் பக்கம்

வாயை மூடிக்கொண்டு இருந்த காலம் போதும்.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொடுத்த கம்ப்யூட்டரை, எல்லாவற்றையும் அழித்து, வாங்கியபோது இருந்தபடியே நாளை ஒப்படைக்க வேண்டும் என்று தாளாளர் சொல்லிவிட்டார். எட்டு வருடமாக நான் எழுதிய பத்தாம் வகுப்புத் தமிழ் வழிகாட்டிகள் அதில்தான் இருக்கின்றன. அச்சில் வருவது தாளாளர் பெயர்.

இன்று அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

"ரீசெட் பண்ணிட்டா ஒண்ணும் மிஞ்சாது சார். எடுக்க வேண்டியத இப்பவே சொல்லுங்க" என்றார் கடைக்காரர்.

"வழிகாட்டி அத்தனையும் பென் டிரைவ்ல ஏத்துங்க. நான் எழுதுனதுக்கு வேற சாட்சி கிடையாது."

அவர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். "என்ன சார், எல்லாத்துலயும் அவரு பேருல்லா இருக்கு. உங்க பேர எங்கனயும் காணோம். யாரு டைப் பண்ணுனது?"

"நான்தான்."

ஒவ்வொரு வருடமும் தாளாளர் கேட்பதற்கு முன்பே, மரியாதைக்காக, முதல் பக்கத்தில் அவர் பெயரை அடித்துவிட்டுத்தான் முதல் பாடத்தைத் தொடங்குவேன்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. "அப்போ எதையும் ஏத்தாம ரீசெட் போட்டுரவா சார்?"

வந்து சொல்கிறேன் என்று எழுந்து, எதிர்க் கடையில் டீயை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அழிக்கச் சொல்லவா, வேண்டாமா? யாராவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற ஆறு வருடம் இருக்கிறது. மகளும் அங்கேதான் படிக்கிறாள். அதனால் இந்த ஆசிரியர்கள் குழுவில் பெயரை மறைத்தே பதிவிடுகிறேன். எனக்கு அது பழகிய வேலைதான்.