முடிவதற்குள் ஈப்போ வந்துவிடும்

பயணிகள் வேன் ஓட்டும் தொழிலில் ரோடு, ஓட்டுகிறவனுக்கு; படம், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு.

மலைமேல் கம்போங் ராஜாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து கீழே ஈப்போ டவுனுக்கு வேன் ஓட்டுகிறேன். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், துணி எடுக்கப் போகிறவர்கள், மகள் வீட்டுக்குப் போகிறவர்கள் என்று எல்லோரும் ஏறுவார்கள். என் முதுகுக்குப் பின்னால் அவர்களைப் பார்த்தபடி ஒரு சின்னத் திரை தொங்குகிறது. ஒரு படத்தை முழுக்கப் பார்த்துவிட்டு, கடைசியில் பக்கத்தில் இருப்பவரிடம் "இப்ப என்னதான் சொல்ல வர்றான்?" என்று கேட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படியானால் நீங்கள் நம்ம ஆள். என் கதையைத் தைரியமாகச் சொல்லலாம்.

மாட்டிக்கொண்ட படம்

எங்கள் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் குணாளன் என்று ஒரு வாத்தியார். ஈப்போக்காரர். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் பள்ளி விடுமுறையிலும் என் வேனில்தான் வீட்டுக்குப் போவார். நான் போடும் சண்டைப் படங்களைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டே வந்தவர், ஒரு நாள் பெண்டிரைவ் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் ஒரே ஒரு படம். வெளிநாட்டு விண்வெளிப் படம், யாரோ தமிழில் குரல் கொடுத்தது. இந்தப் படத்துக்கு உலகம் பூராவும் பக்தர்கள் உண்டு என்றார். கோயில் கட்டியிருக்கிறார்களா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

பெண்டிரைவைச் சொருகினேன். படம் ஓடியது. பிடுங்கப் போனால் மேல்மூடி மட்டும் கையோடு வந்தது, மற்றது உள்ளேயே தங்கிவிட்டது. இடுக்கி போட்டும் பார்த்தாயிற்று. அன்று முதல் என் வேனில் அந்தப் படம் ஒன்றுதான். போதாத குறைக்கு அது பழைய பிளேயர். என்ஜினை அணைத்தால் எல்லாவற்றையும் மறந்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ரிமோட் எப்போதோ தொலைந்துபோனது. வாத்தியாரிடம் போய்ப் புலம்பினேன். அவர் தோளில் தட்டிச் சொன்னார்: "மாட்டினாலும் நல்ல படமாத்தான் மாட்டியிருக்கு, விடுங்க மணியம்."

காதால் பார்த்த படம்

வளைவுக்கு வளைவு லாரி வருகிற மலை ரோட்டில் நான் திரும்பிப் படம் பார்க்க முடியுமா? கேட்பதோடு சரி. கேப்டன் ஒருவர் தன்னந்தனியாக விண்கலத்தில் போகிறார். முன்னால் போய்க் காணாமல் போன இன்னொரு கலத்தைத் தேடுகிறார். அவரோடு ஒரு பெண் பேசிக்கொண்டே வருகிறாள். நல்ல குரல். சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று அடிக்கடி விசாரிப்பாள். கொண்டை போட்டு, கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள் என்று நானே ஓர் உருவம் கொடுத்து வைத்திருந்தேன்.

ஒரு கட்டத்தில் கேப்டன் அவள் மீது எரிந்து விழுவார். எனக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு அக்கறையாக இருக்கிற பொம்பளையை இப்படியா பேசுவது என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வாய்விட்டே சொல்லிவிட்டேன். வழியில் கோலா தெர்லாவில் ஏறுகிற லெட்சுமி அக்கா, முட்டைக்கோஸ் தோட்டம் வைத்திருப்பவர், இரக்கத்தோடு சொன்னார்: "அது பொம்பள இல்ல லா மணியம், அது மிஷினு."

வீராசாமி அண்ணன்

இவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். வீராசாமி அண்ணன் எங்கள் டீ ஃபேக்டரியில் மண்டோராக, அதாவது ஆட்களை வேலை வாங்குகிற மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேன் வாங்குவதற்கு முன் நான் அவரிடம்தான் வேலை பார்த்தேன். இலை வாடியது போதும் போதாது என்று மோந்து பார்த்தே சொல்கிற மனுஷன். அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. மலையில் உள்ள சென்டரில் இடம் கிடைக்கும் வரை ஈப்போவுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். திங்கள், புதன், வெள்ளி. தண்ணீரைக்கூட அளந்துதான் குடிக்க வேண்டும். ஆயுள் முழுக்க டீயோடு இருந்தவருக்கு ஒரு நாளைக்குச் சின்னக் கோப்பையில் பாதி.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவர் மனைவி பாக்கியம் அக்கா போன் செய்தார். "இனிமே போகமாட்டேன்னு உட்கார்ந்திருக்காரு தம்பி. ஊசி குத்துனது போதுமாம்." போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் அவர்கள் இருவருக்கும் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எனக்கும் தெரியும். தோட்டத்து லயத்தில் அவர் வீட்டு வாசலில் போய் நின்று, கெஞ்சி, அன்றைக்கு எப்படியோ ஏற்றிவிட்டேன். அவர் கோபத்தோடு உட்கார்ந்து, வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்தார். அவ்வளவு உயரத்துக்குப் போகிறவன் ஒரு சுவெட்டர்கூடப் போடவில்லையே என்று ஆரம்பத்திலேயே குறை சொன்னார். நல்லது, கவனிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் எங்கள் பயணத்தைவிட நீளம். கேப்டன் காணாமல் போன கலத்தைக் கண்டுபிடித்து, உள்ளே நுழைந்து, கடைசிக் கதவில் கை வைக்கிற நேரத்தில் டயாலிசிஸ் சென்டர் வாசல் வந்துவிடும். நேரம் தவறினால் உள்ளே இடம் போய்விடும், என்ஜினை அணைத்தேன். திரை இருண்டது. திரும்பி வரும்போது படம் மறுபடி முதலிலிருந்துதான் ஆரம்பிக்கும், எல்லோரும் களைத்துத் தூங்கியும் போவார்கள். அதனால் அந்தக் கதவு திறக்கவே இல்லை.

புதன்கிழமை காலை பாக்கியம் அக்காவின் போன் வரவில்லை. லயத்து முனையில் அண்ணன் தானாகவே நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார்: "உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படிடா வீட்டுல உட்கார்றது?"

ஆளுக்கொரு முடிவு

போனில் தேடிப் பார்த்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் சொன்னேன். ஓடுற வண்டியில் ஆரம்பித்ததை ஓடுற வண்டியில்தான் முடிக்க வேண்டும் என்று வீராசாமி அண்ணன் தடை போட்டுவிட்டார். மண்டோர் சொன்னால் சொன்னதுதான். அதன் பிறகு ஒவ்வொரு பயணமும் பட்டிமன்றம். கதவுக்குப் பின்னால் கேப்டனின் பெண்டாட்டி இருக்கிறாள் என்றார் லெட்சுமி அக்கா. ஒன்றுமே இருக்காது, இன்னொரு கதவுதான் இருக்கும் என்றார் அண்ணன். மிஷின் அம்மாதான் உருவமெடுத்து நிற்பாள் என்றேன் நான். யாரும் என்னை ஆதரிக்கவில்லை.

முடிவு தெரிந்த ஒரே ஆள் குணாளன் வாத்தியார். அவரைச் சுற்றி வளைத்துக் கேட்டோம். லெட்சுமி அக்கா ஒரு பை நிறைய ஸ்ட்ராபெரியைக்கூட மடியில் வைத்துப் பார்த்தார். வாத்தியார் பழத்தை வாங்கிக்கொண்டு, ஒன்றை வாயில் போட்டபடி சொன்னார்: "முடிவைச் சொல்லிட்டா படம் செத்துடும்க்கா."

முட்டைக்கோஸ் கவிழ்ந்த நாள்

பள்ளி விடுமுறை தொடங்கிய வெள்ளிக்கிழமை. வாத்தியாரும் காலையிலேயே ஏறியிருந்தார். மலையை விட்டு இறங்குகிற வழியில் காய்கறி லாரி ஒன்று கவிழ்ந்து, ரோடு முழுக்க முட்டைக்கோஸ். எங்களுக்கு முன்னால் கண்ணுக்கு எட்டிய வரை வண்டிகள். நல்ல வேளை, லாரி டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சென்டருக்குப் போன் செய்தேன். தாமதமானாலும் வாருங்கள், அண்ணனுக்கு இடம் வைத்திருக்கிறோம் என்றார்கள்.

ஏர்கண்டிஷனுக்காக என்ஜினை அணைக்கவில்லை. படம் ஓடிக்கொண்டே இருந்தது. கேப்டன் கதவை நெருங்கியபோதும் வண்டி வரிசை நகரவில்லை, அப்படி ஒரு ஜேம். ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, முதல்முறையாகத் திரும்பி உட்கார்ந்தேன். கேப்டன் வழுக்கைத் தலை. அதுவே எனக்குப் பாதி ஏமாற்றம்.

கதவு திறந்தது. உள்ளே ஒரு நீள மேசை. பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யார் என்ன என்று தெரியவில்லை. ஒரு நாற்காலி மட்டும் காலி. அதற்கு முன்னால் ஒரு டீக்கோப்பை. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கேப்டன் வாசலிலேயே நிற்கிறார். நிற்கிறார். இன்னும் நிற்கிறார். இசை கூட இல்லை. பிறகு திரை வெள்ளையாகி எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது.

வேனுக்குள் எழுந்த சத்தத்தைக் கேட்டு முன்னால் இருந்த காரோட்டி இறங்கி வந்து, ஏதும் விபத்தா என்று விசாரித்தார். இதற்கா இத்தனை நாள் காத்திருந்தோம் என்று எல்லோரும் என் மேல் பாய்ந்தார்கள், ஏதோ நான்தான் எடுத்த மாதிரி. ஒரு மனுஷன் அவ்வளவு தூரம் வந்து நிற்கிறான், வா, உட்கார், சாப்பிடு என்று சொல்ல அத்தனை பேரில் ஒருத்தருக்கும் தோன்றவில்லையே என்று லெட்சுமி அக்காவுக்கு ஆறவே இல்லை. பிறகு எல்லோரும் வாத்தியார் பக்கம் திரும்பினார்கள். அர்த்தம் சொல்லுங்கள் என்றார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். தப்பிக்க ஜன்னல் சின்னது. கடைசியில் உண்மையைச் சொன்னார்: "எனக்கும் இன்னும் புரியலைக்கா. அதனாலதான் அழிக்காம வச்சிருந்தேன்."

திங்கட்கிழமை

அந்த அமளியில் வாயே திறக்காமல் இருந்தவர் வீராசாமி அண்ணன் மட்டும்தான். சென்டரிலும் பேசவில்லை, திரும்பும் வழியிலும் பேசவில்லை. அந்தப் படம் இத்தனை மாதமாக அவரை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தது. கதவு திறந்தாகிவிட்டது, உள்ளே ஒன்றும் உருப்படியாக இல்லை. இனி நான் எதைச் சொல்லி அவரை அழைப்பேன்? சனி, ஞாயிறு இரண்டு நாளும் போன் மணி அடித்தாலே பாக்கியம் அக்காவோ என்று பயந்தேன். அந்தப் படத்தை எடுத்த ஆளை மனதார ஏசினேன். ஒழுங்காக ஒரு முடிவு வைத்திருந்தால், இன்னொரு தடவை பார்க்கலாம் என்றாவது ஆசைப்பட்டிருப்பார்.

திங்கட்கிழமை பனி இறங்கிக் கிடந்தது. லயத்து முனையில் யாரும் தெரியவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கப் போனேன். பனிக்குள்ளிருந்து அண்ணன் வந்தார். சுவெட்டர், மப்ளர், கையில் மூக்குக் கண்ணாடி. வழக்கமாக உட்காரும் கடைசி வரிசையை விட்டுவிட்டு, திரைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

"மணியம், அந்தக் கோப்பையில ஆவி வந்துச்சா?"

எனக்கு விளங்கவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். "ஆவி வந்துச்சுன்னா, இவன் வர்றான்னு தெரிஞ்சு யாரோ இப்பத்தான் ஊத்தி வச்சிருக்காங்க. வரலைன்னா, எப்பவோ ஊத்தி வச்சு, பார்த்துப் பார்த்து ஆறிப்போச்சு. ரெண்டும் வேற வேற படம்டா. ரெண்டு நாளா யோசிக்கிறேன், ஞாபகம் வரல. கண்ணாடி போடாம பார்த்துட்டேன்."

நான் பார்த்திருந்தேன். நன்றாகவே பார்த்திருந்தேன். என்ன பார்த்தேன் என்பதை இதுவரை வீட்டில்கூடச் சொன்னதில்லை, உங்களிடமும் சொல்வதாக இல்லை. வண்டியின் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, நானும் கவனிக்கவில்லை அண்ணே என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்: "கவனிக்காம என்னத்தப் பார்த்த லா? சரி, வண்டிய எடு. இன்னைக்கும் ஜேம் வந்தா தேவலை."

புரியாத முடிவு வைக்கிறவர்களை நான் இப்போது ஏசுவதில்லை. வாரத்தில் மூன்று நாள் என் வேனில் ஒரு சீட்டு காலியாகாமல் இருப்பது அவர்கள் செய்த புண்ணியம்.